‘முயற்சி இருந்தால் முன்னேறலாம்’ என்பது முழு உண்மையா? ஏற்றத்தாழ்வு பற்றிச் சமூகவியல் சொல்வது

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் நின்று பேசும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “அந்தப் பையனுக்குப் படிப்பு ஏறலை. வீட்டில கண்டிச்சு வளர்க்கலை.” அடுத்த நிமிடமே இன்னொரு வீட்டைப் பற்றிப் பேச்சு வரும். “அவர் மகனைப் பாருங்க, டாக்டராயிட்டான். எல்லாம் உழைப்பு.”

இரண்டு பையன்களும் ஒரே மஹல்லாவைச் சேர்ந்தவர்கள். ஒரே மக்தப் மதரஸாவில் ஒரே பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு அணிந்திருக்கிறார். மற்றவர் அதே மருத்துவமனை வாசலில் பழவண்டி தள்ளிக்கொண்டிருக்கிறார். ஹலாலான உழைப்பில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் நோய் வந்தால், மகள் கல்யாணம் வந்தால், மழை பெய்து வியாபாரம் நின்றால் இருவர் வீட்டிலும் நடப்பது ஒன்றல்ல. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருவரின் முயற்சி மட்டும்தானா?

இந்தக் கேள்வியைத்தான் சமூகவியல் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. அதன் முக்கியமான சில கண்டுபிடிப்புகளை நம் குடும்பங்களுக்குப் புரியும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறோம். பட்டம் வாங்குவதற்கான பாடமாக இதை எழுதவில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும், ஜகாத் கொடுப்பவர்களுக்கும் இதில் நேரடியான பயன் இருக்கிறது என்று நம்புகிறோம்.

சொந்தக் கஷ்டமா, பொதுப் பிரச்சினையா?

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் ‘சமூகவியல் கற்பனை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால், அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், தனித்தனி ஆட்களின் குணத்தைத் தேடிப் பயன் இல்லை. அங்கே வேலைவாய்ப்பின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. முதலாவது சொந்தக் கஷ்டம். இரண்டாவது பொதுப் பிரச்சினை.

இந்த அளவுகோலை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய 2005 மார்ச்சில் மத்திய அரசு நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. 2006 நவம்பரில் அக்குழு அறிக்கை அளித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. ஒரு தெருவில் ஒரு பையன் படிப்பை நிறுத்தினால் அவனுடைய வாப்பாவைக் கேட்கலாம். நாட்டில் நாலில் ஒரு பிள்ளை நின்றால் யாரைக் கேட்பது? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன மொழியில் பாடம் நடக்கிறது, வீட்டு வருமானம் என்ன, படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று கேள்விகள் விரிந்துகொண்டே போகும்.

எண்கள் காட்டும் படம்

சச்சார் குழு அறிக்கையின் மேலும் சில எண்களைப் பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம். குழு ஆராய்ந்த காலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 சதவீதம். ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம். வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவரும், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவரும் மட்டுமே முஸ்லிம்கள்.

“முஸ்லிம்கள் பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அதனால்தான் படிப்பதில்லை” என்ற பரவலான எண்ணத்தையும் அந்த அறிக்கை தகர்த்தது. பள்ளி செல்லும் வயதில் உள்ள முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என்று அது காட்டியது. மற்றவர்கள் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லை.

தமிழ்நாட்டின் நிலை வேறு. 2001 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த எழுத்தறிவு 73.5 சதவீதம். தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். அதாவது மாநில சராசரியை விட அதிகம். இதற்கு நம் முன்னோர் போட்ட அடித்தளம் ஒரு காரணம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கப்பட்டது. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951-இல் தொடங்கப்பட்டன. தோல், ரத்தினக்கல், துணி வியாபாரத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்வி நிலையங்களாக மாற்றிய பெரியவர்கள் நமக்கு இருந்தார்கள்.

ஆனால் எழுத்தறிவு வேறு, உயர்கல்வி வேறு, நிரந்தரச் சம்பளம் வேறு. கையெழுத்துப் போடவும் கடைக்கணக்குப் பார்க்கவும் தெரிந்த சமுதாயம் எல்லாத் துறையிலும் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. நாடு முழுவதுமே முஸ்லிம் உழைப்பாளிகளில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு அதிகம், மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களின் பங்கு குறைவு என்று சச்சார் குழு சுட்டிக்காட்டியது. சுயதொழிலில் சுதந்திரம் உண்டு. ஆனால் வருங்கால வைப்பு நிதி, மருத்துவ விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது.

இன்னொரு ஆய்வு கவலை தருகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாத், சார்லி ராஃப்கின் மூவரும் இந்தியாவில் தந்தையின் கல்வி நிலைக்கும் மகனின் கல்வி நிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். 1960களில் பிறந்தவர்களையும் 1980களின் பிற்பகுதியில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கல்வியில் கீழ்ப்பாதியில் இருந்த தந்தைகளுக்குப் பிறந்த பட்டியல் சாதி மகன்கள் முன்பை விட மேலே ஏறியிருக்கிறார்கள். அதே நிலையில் உள்ள தந்தைகளுக்குப் பிறந்த முஸ்லிம் மகன்களின் இடம் முன்பை விடச் சரிந்திருக்கிறது. அவர்கள் படிக்கவில்லை என்பது இதன் பொருள் அல்ல. தந்தையை விட அதிக வகுப்புகள் படித்திருக்கலாம். ஆனால் மற்றவர்கள் அதை விட வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

பணம் மட்டும் மூலதனம் அல்ல

ஏற்றத்தாழ்வு ஏன் தலைமுறை தாண்டி நீடிக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான விளக்கம் தந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூர்தியூ (1930–2002). அவருக்கு முஸ்லிம் உலகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1955-இல் கட்டாய ராணுவ சேவைக்காக அல்ஜீரியா சென்ற அவர், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்டிலேயே தங்கி, அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டு, கபீலியா மலைப்பகுதி பெர்பெர் முஸ்லிம்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். ஒரு குடும்பத்தின் நற்பெயரும் கண்ணியமும் அங்கே பணத்துக்கு இணையான சொத்தாக இருப்பதைக் கவனித்தார். செல்வம் பல வடிவங்களில் இருக்கிறது என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து உருவானதில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு.

அவர் சொன்ன மூலதனங்களில் மூன்றை நம் வீடுகளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஒன்று, பொருள் மூலதனம். வீடு, கடை, நகை, வங்கி இருப்பு. இது எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு, பண்பாட்டு மூலதனம். வீட்டில் புத்தகம் இருப்பது, பெற்றோர் படித்திருப்பது, அதிகாரிகளிடம் தயங்காமல் பேசத் தெரிவது, எந்தப் படிப்புக்கு எந்த நுழைவுத் தேர்வு என்று அறிந்திருப்பது எல்லாம் இதில் அடங்கும். பட்டச் சான்றிதழும் இதன் ஒரு வடிவமே.

மூன்று, சமூக மூலதனம். நமக்கு யாரைத் தெரியும், அவர்கள் நமக்காக என்ன செய்ய முடியும் என்பது.

பத்தாம் வகுப்பு முடித்த இரு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் உம்மா ஆசிரியை. எந்தப் பாடப்பிரிவு எடுத்தால் எங்கே போகலாம் என்று அவருக்குத் தெரியும். கட்-ஆஃப், கவுன்சலிங், விண்ணப்பத்தின் கடைசித் தேதி எல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் வந்துவிடும். மற்ற வீட்டில் அத்தா சவூதியில் கடையில் வேலை செய்கிறார். உம்மா எட்டாம் வகுப்பு. சாதிச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று தெரிவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடுகிறது. சில நேரங்களில் இரண்டாவது வீட்டில்தான் பணம் அதிகமாக இருக்கும். இருந்தும் அந்தப் பிள்ளை பின்தங்குகிறது.

பள்ளிக்கூடம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் பள்ளிக்கூடமே அதை மறைத்து நியாயப்படுத்தி விடுகிறது என்றார் பூர்தியூ. வீட்டில் இயல்பாகக் கற்றுக்கொண்ட பேச்சையும் நடையையும் பள்ளி ‘திறமை’ என்று பாராட்டுகிறது. வீட்டில் கிடைக்காத பிள்ளையை ‘மந்தம்’ என்கிறது. அந்தப் பிள்ளையும் தனக்கு மூளை இல்லை என்று நம்பிவிடுகிறது.

வளர்க்கும் முறையில் உள்ள வித்தியாசம்

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆனெட் லரோ 2003-இல் வெளியிட்ட ஆய்வு பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 9, 10 வயதுப் பிள்ளைகள் உள்ள வெள்ளை இனக் குடும்பங்களையும் கறுப்பினக் குடும்பங்களையும் ஆய்வுக்கு எடுத்து, அவற்றில் 12 குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை மிக நெருக்கமாக அவர் கவனித்தார்.

நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளையைப் பயிர் வளர்ப்பது போல் திட்டமிட்டு வளர்க்கிறார்கள். வகுப்புகளுக்கு அழைத்துப் போகிறார்கள், பிள்ளையிடம் காரணம் சொல்லிப் பேசுகிறார்கள், மருத்துவரிடம் போகும்போது “உனக்கு என்ன கேட்க வேண்டுமோ நீயே கேள்” என்கிறார்கள். உழைக்கும் வர்க்கத்துப் பெற்றோரும் பிள்ளை மேல் அதே அளவு பாசம் வைத்திருக்கிறார்கள். ஆனால் உணவும் உடையும் பாதுகாப்பும் தந்தால் பிள்ளை தானாக வளரும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக்கூடாது, ஆசிரியர் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கிறார்கள்.

இரண்டாவது முறையில் நன்மைகள் இல்லாமல் இல்லை. அந்தப் பிள்ளைகள் உறவினரோடு நெருக்கமாக இருந்தார்கள், சுதந்திரமாக விளையாடினார்கள், தொணதொணப்பு குறைவு என்றும் லரோ எழுதினார். ஆனால் கல்லூரியும் அலுவலகமும் முதல் முறையில் வளர்ந்த பிள்ளையைத்தான் எதிர்பார்க்கின்றன. கேள்வி கேட்கவும், உதவி கேட்கவும், தனக்கு உரியதைக் கேட்டு வாங்கவும் தெரிந்தவர்கள் அங்கே முந்திக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளில் மரியாதை என்பது பெரும் செல்வம். அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மரியாதையோடு கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுக்கலாம் என்கிறோம். வங்கியில் பிள்ளையை விட்டுப் படிவம் நிரப்பச் சொல்வது, ஆசிரியரைச் சந்திக்கும்போது பிள்ளையையே பேச வைப்பது போன்றவற்றுக்குப் பணம் தேவையில்லை.

யாரைத் தெரியும்?

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதை மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறிய அலுவலர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் கேட்டார். 56 சதவீதம் பேருக்குத் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் வேலை கிடைத்திருந்தது. ஆச்சரியம் அடுத்ததில் இருந்தது. உதவியவர் அடிக்கடி சந்திக்கும் ஒருவராக இருந்தது அவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். பெரும்பாலோருக்கு உதவியவர் எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்.

காரணம் எளிது. நம் நெருங்கிய சொந்தங்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். வேறு வட்டத்தில் பழகும் அறிமுகக்காரருக்குத்தான் புதிய செய்தி தெரியும். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனாளிகளை வைத்து இதைச் சோதித்தது. மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று அது கண்டது.

இதை நம் வாழ்க்கையோடு ஒப்பிடலாம். துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன், ஒரு கூட்டத்தாரைப் பிணைத்து வலிமை தரும் உணர்வை ‘அஸபிய்யா’ என்று விளக்கினார். அந்தப் பிணைப்பு நம்மிடம் இன்றும் உண்டு. சபுராளிகள் ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் என்று சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். மச்சான் மச்சினனுக்கு விசா எடுத்தார். பெரியத்தா மகன் தங்க இடம் கொடுத்தார். எத்தனையோ குடும்பங்கள் இதனால் கரையேறின.

ஆனால் இந்த நெருங்கிய வலை நம்மை அதே கடைக்கும் அதே தொழிலுக்கும்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைக்காரருக்குக் கடை வேலைதான் வாங்கித்தர முடியும். நீதிமன்றம், பத்திரிகை, ஆராய்ச்சிக்கூடம், ஆட்சிப்பணி ஆகிய இடங்களில் நமக்கு ஓர் அறிமுகம்கூட இல்லாவிட்டால், அந்தப் பக்கம் கதவு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

பெயரைப் பார்த்து மூடும் கதவுகள்

படிப்பு, அறிமுகம், தன்னம்பிக்கை எல்லாம் இருந்தால் போதுமா? போதாது என்று காட்டியது சுகதேவ் தோரட், பால் அட்டெவல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. நாட்டின் முன்னணி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர்.

நேர்காணலுக்கோ அடுத்த கட்டத்துக்கோ அழைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டபோது, உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இத்தனைக்கும் இது முதல் கட்டம் மட்டுமே. ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே, காகிதத்தில் இருந்த பெயரே தீர்ப்பாகிவிட்டது.

வாடகை வீடு தேடிய அனுபவம் உள்ள நம் இளைஞர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. “எத்தனை பேர், என்ன சாப்பிடுவீங்க” என்று தொடங்கி, பெயர் சொன்னதும் “வீடு நேற்றே போயிடுச்சு” என்று முடியும் உரையாடல்கள் ஏராளம். ‘முயற்சி போதாது’ என்று நம் பிள்ளைகளைத் திட்டுமுன் இந்தச் சுவரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கு எதிரான மருந்துகளில் ஒன்று சட்டம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு 2007-இல் வந்தது. எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வீட்டில் முதன்முதலாக முனைவர் பட்டம் வரை எட்டிப்பார்த்த பிள்ளைகளுக்கு இத்தகைய உதவியே ஏணியாக இருந்தது.

நமக்குள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வு

வெளியே நடக்கும் அநீதியைப் பேசும்போது உள்ளே நடப்பதை மறைத்தால் அது நேர்மை ஆகாது. தொழுகை வரிசையில் நாம் தோளோடு தோள் நிற்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்போது நிற்கிறோமா?

இந்திய முஸ்லிம்களிடையே உள்ள சாதி போன்ற படிநிலைகளைப் பற்றி இம்தியாஸ் அஹ்மத் 1973-இல் ஒரு தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். வட இந்தியாவின் அஷ்ரஃப், அஜ்லஃப் பிரிவுகள் குறித்த விவாதத்தில் இது முக்கியமான நூல். அதில் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி எழுதியவர் சென்னைப் பல்லாவரத்தில் கள ஆய்வு செய்த மேட்டிசன் மைன்ஸ். மரைக்காயர், ராவுத்தர், லப்பை போன்ற பிரிவுகள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுத்தாலும், வடக்கில் இருப்பது போன்ற மேல் கீழ் அடுக்கு இங்கே இல்லை என்று அவர் கண்டார். இது ஆறுதலான செய்திதான். ஆனால் பிரிவு விட்டுச் சம்பந்தம் பேச இன்றும் எத்தனை வீடுகள் தயங்குகின்றன என்பது நமக்கே தெரியும். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சட்டமும் இங்கே ஓர் இடைவெளியை விட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினால் ஏழ்மையும் பழைய தொழிலும் ஒரே நாளில் மாறிவிடாது. இதை மாற்ற வேண்டும் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது.

அடுத்தது பெண்பிள்ளைகள். நம் ஊர்களில் பெண்கள் பட்டப்படிப்பு படிப்பது இன்று சாதாரணம். ஆனால் படிப்பு முடிந்ததும் என்ன? ஆர்லி ஹோக்ஷில்ட் 1989-இல் வெளியிட்ட நூலில், வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பியதும் சமையல், பிள்ளை வளர்ப்பு என்று ‘இரண்டாவது ஷிப்ட்’ பார்க்கிறார்கள் என்று எழுதினார். வீட்டு வேலையைப் பகிரும் பழக்கம் இல்லாத இடத்தில் பெண்ணின் பட்டம் சுவரில் தொங்கும் சான்றிதழாக நின்றுவிடுகிறது.

கைக்கூலியையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மார்க்கம் மஹரைப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைக் குற்றம் என்கிறது. ஆனாலும் ரொக்கம், நகை, சீர், வீடு என்று பல பெயர்களில் அது தொடர்கிறது. சமூகவியல் கண்ணோட்டத்தில் இது ஒரு குடும்பத்தின் மூலதனம் திசைமாறுவது. அத்தா பத்தாண்டுகள் வெளிநாட்டில் சேர்த்த பணம் ஒரே நாளில் கைமாறுகிறது. அடுத்த மகளின் படிப்புக்கோ தம்பியின் தொழிலுக்கோ போக வேண்டிய பணம் அது. வசதியான வீட்டில் இது ஒரு செலவு. ஏழை வீட்டில் இது இருபது ஆண்டுக் கடன்.

அப்படியானால் முயற்சிக்கு மதிப்பில்லையா?

உண்டு. சமூகவியல் விதிவாதம் பேசவில்லை. ஏழை வீட்டில் பிறந்து உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பூர்தியூவே ஒரு கிராமத்து அஞ்சல் ஊழியரின் மகன்தான். ஆனால் அத்தகையவர்களைக் காட்டி, “அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது” என்று மற்றவர்களைக் கேட்பது நியாயமில்லை. ஒருவர் ஏறினார் என்பதால் ஏணி எல்லோருக்கும் இருக்கிறது என்று ஆகாது. அதே நேரம் ‘எல்லாம் அமைப்பின் குற்றம்’ என்று சொல்லிச் சும்மா இருப்பதும் தப்பித்தல்தான். தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் உதவியை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம்.

அந்த வகையில் மஹல்லா அளவில் செய்யக்கூடிய சில காரியங்களை முன்வைக்கிறோம்.

ஜமாஅத்தில் நிக்காஹ் தஃப்தர் இருப்பது போல் கல்விப் பதிவேடு ஒன்று வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, யார் பாதியில் நின்றது என்று ஆண்டுக்கு ஒரு முறை எழுதினால் போதும். நின்ற பிள்ளையின் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் யாராவது போய்க் கேட்க முடியும்.

மே, ஜூன் மாதங்களில் பள்ளிவாசல் வளாகத்தில் விண்ணப்ப உதவி மையம் நடத்தலாம். படித்த இளைஞர்கள் இரண்டு பேரும் ஒரு கணினியும் இருந்தால் சான்றிதழ், உதவித்தொகை, கவுன்சலிங் வேலைகளை முடித்துத் தரலாம். வீட்டில் பண்பாட்டு மூலதனம் இல்லாத பிள்ளைக்கு ஊர் கொடுக்கும் மூலதனம் அது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பல துறைகளில் இருக்கும் ஊர்க்காரர்களின் பட்டியலைத் தொகுத்து, ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களோடு பேச வைக்கலாம். நம் சமுதாயத்துக்கு வெளியே உள்ள நல்ல ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், அதிகாரிகளையும் அழைக்க வேண்டும். புதிய கதவுகள் அப்படித்தான் அறிமுகமாகும்.

பைத்துல்மால் நிதியில் ரமலான் உதவியோடு நிறுத்தாமல், தகுதியுள்ள ஏழைப் பிள்ளை ஒன்றைப் படிப்பு முடியும்வரை ஏற்றுக்கொள்ளும் திட்டத்தை ஆலிம்களின் வழிகாட்டுதலோடு வகுக்கலாம். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வித்தியாசம் வேண்டாம்.

கைக்கூலி வாங்கும் திருமணங்களில் ஜமாஅத் என்ன நிலை எடுக்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முன்வந்து வேண்டாம் என்று சொல்வதுதான் எளிய வழி. பெண் வீட்டார் மறுத்தால் பாதிக்கப்படுவது அவர்கள் மகள்.

இவை எதுவும் வேலைவாய்ப்பில் உள்ள பாகுபாட்டையோ அரசின் கடமையையோ மாற்றிவிடாது. அதற்கான குரலும் தொடர்ந்து எழ வேண்டும். ஆனால் அடுத்த முறை பள்ளிவாசல் வாசலில் ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வரும்போது, “ஏன் உருப்படவில்லை” என்று கேட்பதற்குப் பதிலாக, “எந்த வகுப்பில் நின்றான், அப்போது அவன் வீட்டில் என்ன நடந்தது, நம்மில் யார் போய்க் கேட்டோம்” என்று பேச ஆரம்பிப்போம். அந்தப் பையனுக்கு இன்னும் வயது இருக்கிறது. தனித்தேர்வு எழுதலாம், ஐ.டி.ஐ.யில் சேரலாம். இந்த வாரமே அவன் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்போம்.